காய்ச்சல் வந்து போய் ரெண்டு மாசம், இப்போ கவுண்ட் கம்மி: ஒரு வாரத்துல ஏறுமா?

மார்ச் 2, இரவு 11:48 (கேள்வி)

கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். டாக்டர் எழுதிக் கொடுத்து போன வாரம் விந்து டெஸ்ட் எடுத்தேன். மில்லிக்கு 6 மில்லியன்னு வந்திருக்கு. சிகரெட் இல்ல, குடி இல்ல. ஜனவரி முதல் வாரம் அஞ்சு நாள் கடும் காய்ச்சல், அதோட சரி. விந்து தினமும் ஊறுறதுதானே, ஒரு வாரம் நல்லா தூங்கி எழுந்து மறுபடி எடுத்தா ஏறிடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்ச் 3, காலை 6:20

ஏறாது. ஒரு வாரத்துல ஊறுறது திரவம், விந்தணு இல்ல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுலதான் பாதிக் குழப்பமே. வெளிய வர்ற திரவத்துல பெரும்பகுதி விந்துப்பை, புராஸ்டேட்ங்கற ரெண்டு சுரப்பில இருந்து வர்ற நீர். விந்தணு அதுல நூத்துக்கு அஞ்சு பங்கு தேறினா பெருசு, அது புறப்படுற ஊரும் வேற, விந்தகம்.

ஒரு விந்தணு ஆரம்பத்துல இருந்து உருவாகி முடிய 74 நாள். அதுக்கப்புறம் எபிடிடிமிஸ்ங்கற குழாய்ல ஒரு வாரம் பத்து நாள் கிடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, போன வாரம் நீங்க கொடுத்த சாம்பிள்ல இருந்தது டிசம்பர்ல வேலை ஆரம்பிச்ச சரக்கு. ஜனவரில காய்ச்சல் அடிச்சப்போ அதெல்லாம் பாதி வெந்த நிலைல இருந்திருக்கும். அதனால ஒரு வாரம் இல்ல, மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுங்க.

மார்ச் 3, காலை 6:31

"பாதி வெந்த"ன்னு தெரியாம எழுதிட்டேன், ஆனா அதான் சரியான வார்த்தை. அழிக்கல.

மார்ச் 3, இரவு 10:15

நான் டாக்டர் இல்ல, முதல்லயே சொல்லிடுறேன். விலங்கியல் படிச்சவன், ரெண்டு வருஷம் ஸ்லைடு பார்த்து ரெக்கார்டுல படம் வரைஞ்சவன். அதுக்குப் பத்து வருஷம் கழிச்சு உங்களை மாதிரியே கையில ஒரு பேப்பரோட உக்காந்தவன். எனக்கு வந்தது 4. படிச்சதெல்லாம் அந்த நிமிஷம் எங்க போச்சுன்னே தெரியல, ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கண்ட கண்ட பொடி விளம்பரமெல்லாம் பார்த்தேன். அடுத்த நாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி "கடந்த மூணு மாசத்துல காய்ச்சல் வந்துச்சா?" வந்திருந்துச்சு, 103 டிகிரி, நாலு நாள். ஸ்லைடுல நான் வரைஞ்ச அதே குழாய்க்குள்ளதான் இதெல்லாம் நடக்குதுன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

அந்தக் குழாயைப் பத்திச் சொல்லணும். விந்தகத்தை வெட்டிப் பார்த்தா நூல்கண்டைத் திணிச்சு வெச்ச மாதிரி இருக்கும். அந்த நூல் ஒவ்வொண்ணும் ஒரு விந்து நுண்குழல், எல்லாத்தையும் பிரிச்சு நீட்டினா நூத்துக்கணக்கான மீட்டர் வரும். குறுக்கா வெட்டின வட்டத்தை மைக்ராஸ்கோப்ல பார்த்தா ஓரத்துல மூலச்செல்லுங்க, உள்ள வர வர முதிர்ந்த செல்லுங்க, நடு ஓட்டைக்குள்ள வால் நீட்டிக்கிட்டு முடிஞ்ச விந்தணுக்கள். ஓரத்துல இருந்து நடுவுக்கு நகர்றதுதான் அந்த 74 நாள் பயணம். பரீட்சைக்கு வரையுறப்போ "எத்தனை புள்ளி வெக்கிறது"ன்னு திட்டினது ஞாபகம் இருக்கு. நியாயமான திட்டுதான், ஒரு நாளைக்குப் பத்து கோடிக்கு மேல தயாராகுது. ஒரு நொடிக்கு ஆயிரம் தாண்டும், இந்த வரியை நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள சில ஆயிரம்.

மார்ச் 4, மதியம் 1:05

"இவ்ளோ வேகமா தயாராகுதுன்னா ஏன் மூணு மாசம் காத்திருக்கணும்?"னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. வேகம் வேற, நேரம் வேற. நீளமான வரிசை நகர்ந்துக்கிட்டே இருக்கு, வாசல்ல நொடிக்கு ஆயிரம் பேர் வெளிய வர்றாங்க, ஆனா ஒவ்வொருத்தரும் அந்த வரிசைல நின்னது ரெண்டரை மாசம். நடுவுல ஒரு இடத்துல அஞ்சு நாள் கூட்டம் செத்துப்போச்சுன்னா அந்த ஓட்டை வாசலுக்கு வர்ற நாள்லதான் நமக்குத் தெரியும்.

மார்ச் 6, இரவு 9:40

அந்த 74 நாளுக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் நீளமா எழுதுறேன், தூக்கம் வர்றவங்க தாண்டிப் போங்க.

ஓரத்துல இருக்குற மூலச்செல் ரெண்டா பிரியும். வாரிசுல ஒரு பங்கு அங்கேயே தங்கி மூலச்செல்லாவே இருக்கும், இன்னொரு பங்கு கிளம்பும். அதனாலதான் கிணறு வத்துறதில்ல. கிளம்பினது இன்னும் சில தடவை பிரிஞ்சு அப்புறம் குன்றல் பகுப்புக்குள்ள, அதாவது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்குற பிரிவுக்குள்ள, நுழையும். இங்கதான் மெதுவான கட்டம். அந்த ஆளோட அப்பா கொடுத்த குரோமோசோமும் அம்மா கொடுத்த குரோமோசோமும் ஜோடி சேர்ந்து துண்டு மாத்திக்கும். இதுக்கு மட்டும் மூணு வாரத்துக்கு மேல. சீட்டுக்கட்டைக் கலைக்கிறதுக்குத்தான் நேரம், பிரிச்சுப் போடுறது சட்டுனு முடிஞ்சுடும். முதல் பிரிவு முடிஞ்சு வர்ற ரெண்டாம் நிலை செல் ஒரு நாள் கூட தங்காது, அதனாலதான் ஸ்லைடுல அதைக் கண்டுபிடிக்க முடியாம நான் ஒரு முழு மதியத்தை வீணாக்கினேன்.

முடிவுல 46 குரோமோசோம் இருந்த இடத்துல 23. ஒரு செல்லுல இருந்து நாலு. அதுல ரெண்டு எக்ஸ், ரெண்டு ஒய்.

இந்த நாலும் பார்க்க சாதாரண உருண்டைச் செல்லுங்க. வால் கிடையாது, தலை கிடையாது. அடுத்த மூணு வாரத்துல எந்தப் பிரிவும் நடக்காது, உருமாற்றம் மட்டும்தான். டிஎன்ஏ சுத்தியிருக்குற ஹிஸ்டோன் புரதத்தைக் கழட்டிட்டு புரோட்டமைன்னு இன்னொண்ணு வந்து இறுக்கிக் கட்டும், பயணத்துக்குப் பொட்டி கட்டுற மாதிரி. கோல்ஜி உறுப்பு தலைக்கு மேல தொப்பியா மாறும், அதுக்குள்ள முட்டையோட உறையை ஊடுருவ உதவுற நொதிங்க. சென்ட்ரியோல்ங்கற இன்னொரு செல்லுறுப்புல இருந்து வால் முளைக்கும். சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியா எல்லாம் கழுத்துக்குக் கீழ சுருளா சுத்திக்கும். மிச்சமிருக்குற செல்பொருளைக் கழட்டிப் போட்டுடும். தலை 5 மைக்ரான் நீளம், வால் 50 மைக்ரான். மூட்டை முடிச்சு எல்லாத்தையும் உதறிட்டு ஒரு பார்சலும் ஒரு மோட்டாரும் மட்டும் மிச்சம்.

மார்ச் 6, இரவு 10:02

கழட்டிப் போட்டதை யார் அள்ளுறாங்கன்னு விட்டுட்டேன். செர்டோலி செல்லுங்க. 1865ல என்ரிக்கோ செர்டோலிங்கற இத்தாலிக்காரர் விவரிச்சது. செவிலிச் செல்னும் சொல்லுவாங்க, பேர் பொருத்தம். ஓரத்துல இருந்து நடு வரைக்கும் நீண்டு நின்னு, வளர்ற செல்லுங்களை மடியில வெச்சு ஊட்டி, குப்பையைத் தின்னு, முடிஞ்சதை வெளிய அனுப்பும். ஒரு செவிலி இத்தனை பிள்ளைங்களைத்தான் வளர்க்கும்னு அளவு இருக்கு. இந்த செவிலிகளோட எண்ணிக்கை பருவம் வர்றதுக்குள்ள தீர்மானமாயிடுது. ஒருத்தருக்கு இயல்பாவே அதிகம், இன்னொருத்தருக்கு இயல்பாவே கம்மின்னு இருக்க அது ஒரு காரணம்.

இன்னொரு வேலையும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. பக்கத்து பக்கத்து செர்டோலி செல்லுங்க கைகோத்து ஒரு சுவர் கட்டும். எதுக்குன்னா, நம்ம நோய் எதிர்ப்பு சக்தி எது நம்மளதுன்னு சின்ன வயசுலயே கத்துக்கிடுது, விந்தணு முதல்முதலா வர்றது பருவத்துல. அதுக்கு விந்தணு அந்நியன். சுவர் இல்லேன்னா சொந்த உடம்பே அடிச்சுக் கொன்னுடும். வாசக்டமி (ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்) பண்ணினவங்க பலர் ரத்தத்துல விந்தணுவுக்கு எதிரான ஆன்டிபாடி தெரியுறது இதனாலதான்.

மார்ச் 9, காலை 7:12

திருத்தம். "ஒரு செல்லுல இருந்து நாலு"ன்னு எழுதினது தாள்ல மட்டும் சரி. நிஜத்துல வழியிலேயே நிறைய செத்துடும், செத்ததை செர்டோலி தின்னுடும். நாலும் கரை சேரும்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு, அந்த நாலும் தனித்தனியா வளர்றதில்ல. பிரியும்போது முழுசா அறுத்துக்கிடாம சின்னப் பாலம் விட்டு வெச்சிருக்கும், கூட்டமா ஒட்டிக்கிட்டே வளரும். ஒய் மட்டும் வாங்கின செல்லுக்கு எக்ஸ்ல இருக்குற அவசியமான ஜீன் கிடையாதே, எப்படிப் பிழைக்கும்? பாலம் வழியா பக்கத்து வீட்டுல கடன். கடைசியா வெளிய கிளம்பும்போதுதான் பாலம் அறும்.

மார்ச் 9, இரவு 8:50

"ரத்தத் துளி எத்தனையோ சேர்ந்துதான் ஒரு துளி விந்து, அதான் உடம்பு பலவீனமாகுது"ன்னு ஒரு பதில் வந்திருக்கு. அரிஸ்டாட்டிலும் விந்து ரத்தம் பக்குவப்பட்டதுதான்னு எழுதினார், அதனால உங்களுக்கு நல்ல துணை இருக்கு. ஆனா அவர்கிட்ட மைக்ராஸ்கோப் இல்ல. ரத்தம் எலும்பு மஜ்ஜைல தயாராகுது, விந்தணு விந்தகத்துல. ஒண்ணு இன்னொண்ணா மாறாது. வெளியேத்தாம வெச்சிருந்தா பலம் சேரும்னு நினைச்சா அதுவும் இல்ல, தேங்கினது கிழடாகி, சிதைஞ்சு, உடம்பே உறிஞ்சிக்கும். கொஞ்சம் சிறுநீர்லயும் போகும்.

அதுலயே ஒரு சொந்தக் கதை. ரெண்டாவது டெஸ்டுக்கு முன்னாடி கவுண்ட் ஏறட்டும்னு இருபது நாள் விரதம் இருந்தேன். எண்ணிக்கை ஏறிச்சு, அசைவு, அதாவது அசையுற விந்தணுவோட பங்கு, விழுந்துடுச்சு. லேப்ல "எத்தனை நாள் இடைவெளி?"ன்னு கேட்டாங்க, பெருமையா இருபதுன்னேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் மறக்கல. 2ல இருந்து 7 நாளுக்குள்ள இருக்கணும், பேப்பர்லயே அச்சடிச்சிருந்தது, நான்தான் படிக்கல.

மார்ச் 10, காலை 6:45

முதல்முதலா மைக்ராஸ்கோப்ல விந்தணுவைப் பார்த்தது 1677, லீவன்ஹூக்ங்கற டச்சுக்காரர். சும்மா கிடைச்ச தகவல் இல்ல, ஹாம்ங்கற ஒரு மாணவர் வந்து காட்டி, அப்புறம் இவர் தன்னோடதையே பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். பாவம், இதைத் தப்பான வழில எடுக்கல, மனைவியோட சேர்ந்ததுக்கு அப்புறம் மிச்சம்னு விளக்கம் வேற. 1694ல ஹார்ட்சூக்கர்ங்கற இன்னொரு டச்சுக்காரர் விந்தணுவோட தலைக்குள்ள குட்டி மனுஷன் குத்தவெச்சு உக்காந்திருக்குற படம் போட்டார். அவர் பார்த்தேன்னு சொல்லல, பார்க்க முடிஞ்சா இப்படி இருக்கலாம்னுதான் போட்டார். படம் மட்டும் நிலைச்சுடுச்சு.

கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான்.

மார்ச் 17, இரவு 11:20

சூட்டைப் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. விதைப்பை வெளிய தொங்குறதே குளிர்ச்சிக்குத்தான், உடம்பை விட 2ல இருந்து 4 டிகிரி கம்மி. குளிர்ல தசை மேல இழுக்கும், வெக்கைல தொங்க விடும். உள்ள போற ரத்தக்குழாயைச் சுத்தி வெளிய வர்ற சிரைங்க வலை மாதிரி பின்னியிருக்கும், போற ரத்தத்தோட சூட்டை வர்ற ரத்தம் வாங்கிக்கும். இந்தச் சிரை வீங்குறதுதான் வெரிகோசீல். ஆண்கள்ல நூத்துக்கு 15 பேர் வரைக்கும் இருக்கும், பெரும்பாலும் இடது பக்கம். இருந்தாலே பிள்ளை பிறக்காதுன்னு இல்ல, ஆனா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிக்கிறது நல்லது.

காய்ச்சல்ல உடம்பு மொத்தமும் சூடாகும்போது இந்த ஏற்பாடு எதையும் குளிர வைக்க முடியாது. அடி வாங்குறது முக்கியமா குன்றல் பகுப்புல இருக்குற செல்லுங்களும் உருமாறிக்கிட்டு இருக்குறதும். மூலச்செல் தாக்குப்பிடிச்சுக்கும், அதனாலதான் பெரும்பாலும் திரும்பி வருது. பொன்னுக்கு வீங்கி வேற கதை, பருவத்துக்கு அப்புறம் வந்து விந்தகத்துல இறங்கிடுச்சுன்னா சிலருக்குத் தழும்பு நிரந்தரமாவே நின்னுடும்.

இறுக்கமான ஜட்டி கேள்விக்கு: 2018ல ஹார்வர்ட்ல 656 ஆண்களை வெச்சுப் பார்த்ததுல தளர்வா போடுறவங்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் கூட இருந்துச்சு. ஆனா இறுக்கமா போட்டவங்களுக்கும் சராசரி இயல்பு அளவுக்குள்ளதான். கவுண்ட் கம்மியானவர் மாத்திப் பார்க்கலாம், மத்தவங்க பதற வேண்டாம்.

(யானைக்கு விந்தகம் வயித்துக்குள்ள. பறவைக்கும் உள்ளதான், அதோட உடம்பு நம்மளை விட சூடு. வெளிய தொங்கணும்கிறது உயிர்களுக்கெல்லாம் பொது விதி இல்ல.)

ஏப்ரல் 2, மதியம் 2:30

ஜிம் தம்பிக்கு. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டா ஆண்மை கூடும், அப்போ விந்தணுவும் கூடும்னு நினைச்சது தப்பு, நேர் எதிர். மூளைல ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு ஒரு ஹார்மோனைத் தட்டும், பிட்யூட்டரி சுரப்பி எல்எச், எஃப்எஸ்எச்ங்கற ரெண்டு ஹார்மோனை அனுப்பும், எல்எச் போய் விந்தகத்துல இருக்குற லீடிக் செல்லை எழுப்பும், லீடிக் அங்கேயே டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். விந்தகத்துக்குள்ள அதோட அளவு ரத்தத்துல இருக்குறதை விடப் பல மடங்கு, அந்த அடர்த்தி இருந்தாதான் வேலை நடக்கும். நீங்க வெளிய இருந்து ஊசில ஏத்தினதும் மூளை "போதுமான அளவு இருக்கே"ன்னு ஆர்டரை நிறுத்திடும். ரத்தத்துல நிறைய, விந்தகத்துக்குள்ள வறட்சி. சிலருக்கு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போயிடும். இதையே ஆண்களுக்கான கருத்தடையா உலக சுகாதார நிறுவனம் சோதிச்சுப் பார்த்திருக்கு, வாரா வாரம் ஊசி. நிறுத்தினா பெரும்பாலும் மீளும், ஆனா மாசக்கணக்குல, சிலருக்கு அதுக்கும் மேல. அதுக்கும் காரணம் அதே வரிசைதான்.

ஏப்ரல் 12, இரவு 10:10

எனக்கே ஒரு குட்டு. 74 நாள்னு கல்வெட்டு மாதிரி எழுதிட்டேன். அது எங்கிருந்து வந்துச்சுன்னு திரும்பப் படிச்சேன். 1963ல ஹெல்லர், கிளர்மான்ட் ரெண்டு பேரும் டிஎன்ஏவுல போய்ச் சேர்ற தைமிடின்ங்கற பொருளைக் கதிரியக்க அடையாளத்தோட வெச்சு செல்லுங்க நகர்றதைக் கணக்கெடுத்தாங்க. ஒரு சுற்று, அதாவது ஒரே இடத்துல ஒரு கூட்டம் கிளம்பி அடுத்த கூட்டம் கிளம்புற இடைவெளி, 16 நாள். நாலு சுற்றுன்னா 64, ஆரம்பத்துல இருந்து சேர்த்து 4.6 சுற்றுன்னு போட்டா 74. அதான் ஒரு புத்தகத்துல 64, இன்னொண்ணுல 74. அப்புறம் 2006ல சிலருக்குக் கனநீர் (கனமான ஹைட்ரஜன் இருக்குற தண்ணி) குடிக்கக் கொடுத்து, அது எத்தனை நாள்ல வெளிய வர்ற விந்தணுவுல தெரியுதுன்னு பார்த்தாங்க. சராசரி 64 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 42ல இருந்து 76 வரைக்கும். எபிடிடிமிஸ் பயணமும் சேர்த்துதான் இது.

ஆக நான் மார்ச் 3ல "டிசம்பர் சரக்கு"ன்னு அடிச்சு விட்டது உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் இருக்கலாம், ஜனவரி சரக்கா கூட இருக்கலாம். மூணு மாசம் கழிச்சு டெஸ்ட்டுங்கறது மட்டும் மாறல, மெதுவான ஆளுக்கும் அதுக்குள்ள ஒரு முழு உற்பத்தி முடிஞ்சிருக்கும்.

ஏப்ரல் 12, இரவு 10:41

16 நாளுக்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு மூலச்செல் சுமார் 23 தடவை பிரியுது. பெண்ணுக்கு முட்டை பிறக்கும்போதே இருப்பு, ஆணுக்குக் கடைசி வரைக்கும் புதுசுன்னு நாம பீத்திக்கிறோம், ஆனா ஒவ்வொரு நகலெடுப்புலயும் எழுத்துப்பிழை சேரும். 2012ல ஐஸ்லாந்து குடும்பங்களோட மரபணுவைப் படிச்சதுல அப்பாவுக்கு வயசு ஒண்ணு கூடக் கூட பிள்ளைக்குப் புதுப் பிழை ரெண்டு கூடுதுன்னு தெரிஞ்சுது. பெரும்பாலானது ஒண்ணும் பண்ணாது. இருந்தாலும் பீத்தலைக் குறைச்சுக்கலாம்.

மே 5, காலை 7:00

எபிடிடிமிஸ் என்னன்னு யாரோ கேட்டு ஒரு மாசம் ஆச்சு, மறந்துட்டேன். விந்தகத்துக்கு முதுகுல ஒட்டியிருக்குற மடிப்புக் குழாய், நீட்டினா 6 மீட்டர் வரும். நுண்குழல்ல இருந்து வெளிய வந்த விந்தணுவுக்கு வால் இருக்கும், நீந்தத் தெரியாது, திரவம் அடிச்சுக்கிட்டுப் போற வழில போகும். எபிடிடிமிஸைக் கடக்கும்போதுதான் நீச்சல் வரும். அப்பவும் முட்டைக்குள்ள நுழையத் தெரியாது, அந்தக் கடைசிப் பாடம் பெண்ணோட உடம்புக்குள்ள சில மணி நேரம் இருந்தாதான் முடியும். 1951ல ஆஸ்டின், சாங்ங்கற ரெண்டு விஞ்ஞானிங்க இதைத் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. "முதல்ல ஓடி வந்தவன் ஜெயிச்சான்"ங்கற கதையெல்லாம் அதனால எனக்கு ஒப்பல. முந்தி வந்தவன் பாடம் முடியாம வாசல்ல நிப்பான்.

மே 29, மாலை 6:15 (கேள்வி கேட்டவர்)

இன்னைக்கு ரிசல்ட். மில்லிக்கு 29 மில்லியன்!! அசைவு 41 சதவீதம். எல்லாருக்கும் நன்றி. இந்தத் தடவை எதுவும் சிந்தவும் இல்ல.

மே 29, மாலை 6:40

சந்தோஷம். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல கீழ்எல்லை மில்லிக்கு 16 மில்லியன், அசைவு 42. ஒண்ணுல ரொம்ப மேல, ஒண்ணுல ஒரு நூல் கீழ. அந்த எல்லையே ஒரு வருஷத்துக்குள்ள அப்பா ஆனவங்களை வரிசையா நிக்க வெச்சு, கடைசி 5 சதவீதம் எங்க முடியுதோ அங்க போட்ட கோடு. கோட்டுக்குக் கீழ இருந்தும் அப்பா ஆனவங்க அவங்கள்லயே நூத்துக்கு அஞ்சு பேர். 41ஐப் பார்த்து ராத்திரி முழிக்காதீங்க.

மே 29, மாலை 6:44

இருங்க. "இந்தத் தடவை சிந்தல"ன்னா போன தடவை சிந்துச்சா?

மே 29, இரவு 9:30 (கேள்வி கேட்டவர்)

கொஞ்சம். முதல்ல வந்தது டப்பாவுக்கு வெளிய போயிடுச்சு, மிச்சத்தைக் கொடுத்தேன். லேப்ல சொல்ல வெட்கமா இருந்துச்சு.

மே 29, இரவு 9:52

ஐயா. முதல்ல வர்ற பகுதிலதான் விந்தணு அதிகம். பின்னாடி வர்றது பெரும்பாலும் விந்துப்பைத் தண்ணி. மூணு மாசமா நான் காய்ச்சல், செர்டோலி, ஐஸ்லாந்துன்னு எழுதிக்கிட்டு இருக்கேன், நீங்க நல்ல சரக்கைத் தரையில விட்டுட்டு மிச்சத்தை எண்ணக் கொடுத்திருக்கீங்க.

இப்போ 6ல இருந்து 29 ஆனது காய்ச்சல் போனதாலயா, டப்பாவுக்குள்ள விழுந்ததாலயான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். டாக்டர்கிட்ட இதை மறைக்காம சொல்லிடுங்க, பழைய பேப்பரை வெச்சு மருந்து எழுதிட்டா வம்பு.

மே 30, காலை 6:05

மூணாவது தடவை எடுக்கச் சொன்னா வாய் அகலமான டப்பாவா கேட்டு வாங்குங்க.